நாலு பேர் சேர்ந்தும் முடிக்க முடியாத பாட்டு

ஃபோர் கிரீக்ஸ், வட கரோலினா
செவ்வாய்க்கிழமை, ஜூன் 14, 2022

கர்த்தருக்குள் பிரியமான வெர்டெல் அக்காவுக்கு,

உன் தம்பி ஓசியா எழுதிக்கொள்வது. நான் சுகம், இடுப்பு மட்டும் சுகமில்லை. அங்கே கிளீவ்லாந்தில் உன் முழங்காலும், அத்தானின் சர்க்கரையும், உங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாஸ்டரின் நாக்கும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். உன் பேத்தியின் பட்டமளிப்புப் புகைப்படம் வந்து சேர்ந்தது. தொப்பி கோணலாக இருந்தாலும் பிள்ளை லட்சணமாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், “கச்சேரி எப்படிடா போச்சு?” என்று கேட்டாய். “ஆசீர்வாதமாப் போச்சுக்கா” என்றேன். அது பொய். அப்போது எங்கள் குழுவின் க்ளெமென்டைன் என் சமையலறையில் நின்றுகொண்டு வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதுபட உண்மையைப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. முப்பத்தேழு வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தவன் நான், கடிதத்தில் பொய் எழுதினால் கை விளங்காமல் போய்விடும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீ சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படி. சூடாக எதையும் கையில் வைத்துக்கொள்ளாதே.

நீ ஊரைவிட்டுப் போய் ஐம்பது வருஷம் ஆகிறது. யார் யார் என்று மறந்திருப்பாய். எங்கள் ஃபோர் கிரீக்ஸ் ஜூபிலி பாடகர்கள் குழுவில் மேல்குரல் லஃபாயெட் மிம்ஸ், நம் சபையின் மூத்த டீக்கன். பாஞ்சோத் தந்தி மீட்டுவது ரான்சம் டீக், மலைமேல் தேனீ வளர்க்கும் வெள்ளைக்காரன். பியானோ க்ளெமென்டைன் ரட். அடிக்குரல் நான். பிடில் வாசித்த டூயி ப்ரூயிட் நாலு வருஷத்துக்கு முன்னால் கர்த்தரிடம் போய்விட்டான். அந்தக் காலத்தில் நம் சபையார் “மலைக்காரனோடு உங்களுக்கு என்னப்பா பாட்டு?” என்று கேட்டார்கள், ரான்சத்தின் ஆட்கள் அதையே எங்களைப் பற்றிக் கேட்டார்கள், பாடத் தொடங்கியதும் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். அப்படி ஒரு குழு. அதைத்தான் தொண்ணூற்றொன்றில் இரண்டு பேர் சேர்ந்து குட்டிச்சுவர் ஆக்கினார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வானொலியில் நேரடி ஒலிபரப்பு. நாங்களே கட்டிய பாட்டு ஒன்று உண்டே, ‘அக்கரையில் எனக்கொரு நாற்காலி’, அதைப் பாடிக்கொண்டிருந்தோம். லஃபாயெட் கடைசி அடியை உச்சிக்குத் தூக்கப்போகும் நேரத்தில் பாட்டு பொசுக்கென்று அறுந்து நின்றது. பதினோரு நொடி வானொலியில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. பிறகு பன்றித் தீவன விளம்பரம் வந்தது. ரான்சம் வேண்டுமென்றே பாஞ்சோவை நிறுத்திக் கழுத்தறுத்துவிட்டான் என்றான் லஃபாயெட். மூச்சுப் பிடிக்க முடியாமல் நிறுத்தியது லஃபாயெட்தான், பழியை மட்டும் என் தலையில் கட்டுகிறான் என்றான் ரான்சம். அன்றோடு பேச்சு முறிந்தது. முப்பத்தொரு வருஷம்! இருவர் வீடும் என் தபால் வழியில் இருந்ததால், “அவன்கிட்ட சொல்லு, அவன் ஆடு என் பட்டாணிக் கொடியில மேயுது” என்று லஃபாயெட் சொன்னதை மலைமேல் கொண்டுபோய்ச் சேர்த்து, “அவன்கிட்ட சொல்லு, கொடிய ஆட்டுக்கு எட்டாத உசரத்துல போடச் சொல்லி” என்று ரான்சம் சொன்னதைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவன் நான். இந்தப் பாவத்தில் எள்ளளவும் பங்கில்லாத நான்! சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று வேதத்தில் இருக்கிறது. அவர்களுக்கு இடுப்பு வலி வரும் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

போன மாதம் க்ளெமென்டைனுக்கு எழுபத்தைந்து முடிந்தது. ஆள் தபால்பெட்டி உயரம்தான். ஆனால் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்சீட்டில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று கண்ணாடியிலேயே பார்த்துவிடுவாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“கேக்கு வேணாம், பூவும் வேணாம். அந்த ரெண்டு கெழட்டுக் கழுதையும் ஒரே மேடையில நின்னு பாடணும். நான் போறதுக்குள்ள அதைப் பாத்துட்டுப் போயிடுறேன்.”

“எங்க போற? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?” என்று பதறினேன்.

“எங்கயும் போகல. இப்படிச் சொன்னாத்தானே உங்க மூணு பேருக்கும் ஒறைக்கும்.”

அடுத்த வாரமே ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் லஃபாயெட்டுக்கும் ரான்சத்துக்கும் விஷயமே தெரியும். வர மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்று மற்றவன் சொல்வானே என்று இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

சபையின் நிலவறையில் பயிற்சி. லஃபாயெட்டுக்கு இப்போது இரண்டு காதிலும் கருவி. ரான்சத்துக்குப் புதுப் பல்செட். இருவருக்கும் நடுவில் மூன்று அடி இடைவெளி, அந்த இடைவெளியில் நான்.

“ஓசியா, அவன்கிட்ட சொல்லு, பாஞ்சோ சுருதி எறங்கிக் கெடக்கு.”

“ரான்சம், உன் பாஞ்சோ சுருதி எறங்கிக் கெடக்காம்.”

“அவன்கிட்ட சொல்லு, எறங்கினது பாஞ்சோ இல்ல, அவன் காது.”

“லஃபாயெட், எறங்கினது உன் காதாம்.”

“என்னது? கழுதையா?”

“காது! காது!”

“என்னைக் கழுதைன்னு சொன்னானா அவன்? அவன்கிட்ட சொல்லு...”

இப்படியே மூன்று வாரம். எந்தப் பாட்டையும் நாங்கள் கடைசிவரை பாடி முடிக்கவில்லை. பாதியில் சண்டை வரும், க்ளெமென்டைன் பியானோ மூடியை டமாரென்று சாத்துவாள், எல்லோரும் வீட்டுக்குப் போவோம். இதை நீ கவனத்தில் வைத்துக்கொள், பின்னால் வந்த கேடெல்லாம் இதனால்தான்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கச்சேரி. இடம் பழைய புகையிலை ஏலக் கொட்டகை. தகரக் கூரை, ஜூன் மாத வெயில். உள்ளே ரொட்டி சுடலாம். நானூறு பேர் வந்துவிட்டார்கள். சவ அடக்க நிலையத்தார் இலவசமாக விசிறி கொடுத்தார்கள். அதன் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நாலு பேரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, நீளம் அகலம் பார்ப்பது போல இருந்தது. கொட்டகையின் பின்பக்கம் சாப்பாட்டு மேசைகள். வறுத்த கோழி, சோள ரொட்டி, கீரை, வாழைப்பழ புட்டிங், பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட பை, குளிர்ந்த இனிப்புத் தேநீர். பாட்டு முடிந்ததும் சாப்பாடு என்று எங்கள் பாஸ்டர் அறிவித்தார். பாவம், நல்ல மனுஷன்.

குழுவின் பழைய கடுகு நிற சூட்டைத்தான் போட வேண்டும் என்று க்ளெமென்டைன் உத்தரவு. எழுபத்தொன்பதில் தைத்தது அக்கா. எனக்கு முதுகுப் பக்கம் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தாள். முன்பக்கப் பொத்தானைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். முதல் பாட்டில் அடிக்குரலுக்காக வயிற்றிலிருந்து மூச்சு இழுத்தேன். பொத்தான் பறந்துபோய்ப் பாஸ்டர் அம்மாவின் தேநீர் டம்ளருக்குள் ‘டிங்’ என்று விழுந்தது. அந்த அம்மா பனிக்கட்டி என்று நினைத்துக் கடித்துவிட்டார்கள். ஆனாலும் சுருதி சரியாக இருந்தது என்று பிறகு ரான்சம் சொன்னான்.

இரண்டாவது பாட்டு ரான்சத்தினுடைய மலைப்பாட்டு. முன்னுரையாக அவன் “ஸ்தோத்திரம்” என்றான். புதுப் பல்செட் ‘ஸ’ வரும்போதெல்லாம் விசிலடித்தது. சாதாரண விசில் இல்லை. வாசலில் ஒரு வேட்டைநாய் வந்து நின்றது. ரான்சம் பதறிப்போய், “ஸாரி, ஸாரி, ஸகோதரர்களே, ஸகோதரிகளே” என்றான். ஏழு நாய்கள் வந்துவிட்டன. மேடைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. சபையில் பாதிப் பேருக்கு அந்த ஒழுக்கம் கிடையாது.

இதெல்லாம் முன்னுரை. கடைசிப் பாட்டுக்கு வருகிறேன்.

‘அக்கரையில் எனக்கொரு நாற்காலி.’ க்ளெமென்டைன் முதல் கட்டையைத் தொட்டதுமே கொட்டகை எழுந்து நின்றது. பொய் சொல்லக்கூடாது, அந்த முதல் ஐந்து நிமிஷம் நாங்கள் பாடிய பாட்டு இருக்கிறதே, அக்கா, எனக்கே புல்லரித்தது. லஃபாயெட்டின் குரல் போய்விட்டது என்று யார் சொன்னது? அது எங்கோ ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது. ரான்சத்தின் விரல்கள் அவன் குரலுக்குக் கீழே ஓடி ஓடித் தாங்கின. முகத்தை முகம் பார்க்காமலே இரண்டு பேரும் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் அழுதார்கள், குதித்தார்கள், சிஸ்டர் மாபெல் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நடுவழியில் ஓடினார்கள்.

பல்லவியை நாலாவது முறை சுற்றி வந்தோம். ஐந்தாவது முறை சுற்றி வந்தோம். ஆறாவது சுற்றில் க்ளெமென்டைன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது. இந்தப் பாட்டை எப்படி முடிப்பது?

எப்போதும் அதை முடித்தது டூயிதான். பிடிலைத் தாடையிலிருந்து எடுக்காமலே வலது காலைத் தூக்கி ‘தொம்’ என்று தரையில் ஒரு மிதி மிதிப்பான். எல்லோரும் ஒன்றாக நிற்போம். எங்கே மிதிக்க வேண்டும் என்பது அவன் காலுக்குத்தான் தெரியும். நாங்கள் ஒருநாளும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. டூயியை அடக்கம் பண்ணினபோது அவனோடு பாட்டின் வாலும் மண்ணுக்குள் போனது யாருக்கும் தோன்றவில்லை.

யாராவது ஒருவர் நிறுத்தினால் முடிந்தது என்று நீ சொல்வாய். யார் நிறுத்துவது? லஃபாயெட் நிறுத்தினால், “பாத்தீங்களா, அன்னிக்கும் இவன்தான்” என்பான் ரான்சம். ரான்சம் நிறுத்தினால் லஃபாயெட் அதையே சொல்வான். ஆகவே செத்தாலும் நிறுத்துவதில்லை என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்; ரான்சம் கடித்தது விசிலாக வந்தது. க்ளெமென்டைனோ, அவர்கள் நிறுத்தாமல் தன் பியானோ நிற்காது என்று வைராக்கியம். நான் நிறுத்தலாமா? அடிக்குரல் பாடுகிறவன் வீட்டு அஸ்திவாரம் மாதிரி. மேலே கூரை நிற்கும்போது அஸ்திவாரம் எழுந்து நடந்து போகலாமா? என் வாழ்நாளில் நான் அப்படிச் செய்ததும் இல்லை, செய்யப்போவதும் இல்லை.

இருபது நிமிஷம் ஆனது. ஜனங்கள் உட்கார்ந்தார்கள். அரைமணி ஆனது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வரிசையாகக் கோழி மேசைக்குப் போகத் தொடங்கினார்கள். வியர்வையில் நனைந்து கீச்சுக் கீச்சென்று கத்தியதால் லஃபாயெட் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தான். கண்ணும் அவனுக்கு அரைகுறைதான். ஜனங்கள் வரிசையாக எழுந்து நடப்பதைப் பார்த்தவன், பாவிகள் மனந்திரும்பி வருகிறார்கள் என்று எண்ணிவிட்டான். கையை நீட்டி, “வாங்க! தாமதிக்காதீங்க! இன்னும் எடமிருக்கு!” என்று கதறினான். கோழித் துண்டை எடுத்தவர்கள் குற்ற உணர்ச்சியோடு திருப்பி வைத்தார்கள்.

பாஸ்டர் மேடையோரம் வந்து, கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார், நிறுத்துங்கள் என்று. லஃபாயெட் அதைக் குரலை உயர்த்தச் சொல்வதாக எடுத்துக்கொண்டு சுருதியை அரைக்கட்டை ஏற்றினான். பாஸ்டர் இரண்டு கையாலும் காட்டினார். முழுக்கட்டை ஏற்றினான். நாய்கள் ஊளையிட ஆரம்பித்தன, அவை மட்டும் சரியான சுருதியில்.

நாற்பது நிமிஷம் ஆனபோது நான் பியானோமேல் சாய்ந்துகொண்டு பாடினேன். முன்வரிசையில் ஒருவர் இரக்கப்பட்டு, “ஐயா, நாற்காலி நாற்காலின்னு இவ்வளவு நேரமாக் கேக்குறீங்க, அக்கரை வரைக்கும் எதுக்கு? இந்தாங்க, இக்கரையிலயே போடுறேன்” என்று நாலு மடக்கு நாற்காலிகளை மேடையில் வைத்தார். உட்கார்ந்து பாடினோம். க்ளெமென்டைன் இடக்கையால் வாசித்துக்கொண்டே வலக்கையால் புட்டிங் சாப்பிட்டாள். நானே பார்த்தேன்.

ஐம்பத்திரண்டாவது நிமிஷம். டூயியின் மனைவி ஆர்டித் முன்வரிசையில்தான் இருந்தாள், எண்பத்துமூன்று வயது, முன்னால் ஊன்றி நடக்கிற நாலுகால் நடைவண்டி. மடியிலிருந்த தட்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். மெல்ல எழுந்தாள். நடைவண்டியை இரண்டு கையாலும் தூக்கினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், பாட்டில் ஒரு அடி போக விட்டாள், இன்னொரு அடி போக விட்டாள், பலகைத் தரையில் ஓங்கி ஒரு குத்து. ‘தொம்!’

கத்தியால் வெட்டியதுபோல நாலு பேரும் ஒன்றாக நின்றோம்.

நாய்களும் நின்றன. நாங்கள் நாலு பேரும் பியானோவுக்கு இடப்பக்கம், டூயி நிற்கிற இடத்தைப் பார்த்தோம். ஒன்றுமில்லை, பலகைதான்.

“நாப்பது வருஷம் என் அடுப்படித் தரையில கேட்ட சத்தம்” என்றாள் ஆர்டித். “அலமாரித் தட்டெல்லாம் ஆடும். எத்தனை வாட்டி அவர வைஞ்சிருப்பேன்.” பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “இப்பவாச்சும் எறங்கி வந்து சாப்பிடுங்க. கோழி ஆறிப்போச்சு” என்றாள்.

லஃபாயெட்டும் ரான்சமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் துவண்டு கிடந்தார்கள். லஃபாயெட் மூச்சு வாங்கிக்கொண்டே, “ஓசியா, அவன்கிட்ட சொல்லு, அந்தப் பல்ல மாத்தச் சொல்லு” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ரான்சம் நேராக அவன் பக்கம் திரும்பி, “மொதல்ல நீ உன் காத மாத்துடா” என்றான்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல் வார்த்தை!

லஃபாயெட்டுக்குக் கேட்கவில்லை. “என்ன சொல்றான்?” என்று என்னைக் கேட்டான். ரான்சம் என்னைக் கையால் தள்ளிவிட்டு, அவன் காதில் வாயை வைத்து, “நல்லாப் பாடினேன்னு சொன்னேன், செவிட்டு முண்டம்!” என்று கத்தினான். விசில் காதுக்குள் போனதில் லஃபாயெட் துள்ளி எழுந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, கடைசியில் அது சிரிப்பா அழுகையா என்று நாய்களுக்கே விளங்கவில்லை. எனக்கு வேலை போயிற்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

போகட்டும். ஊரார் லஃபாயெட்டைப் புகழ்கிறார்கள், ரான்சத்தைப் புகழ்கிறார்கள், ஆர்டித்தின் நடைவண்டியைக்கூடப் புகழ்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நொடி ஞாபகப் பிசகால் அவர்களில் எவனோ ஒருவன் நிறுத்தித் தொலைத்த பாட்டுக்காக, முப்பத்தொரு வருஷம் பொறுமையோடு நடுவில் நின்ற ஒரே நிரபராதி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மேன்மை பாராட்டவில்லை, அக்கா. பரலோகத்தில் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

அத்தானுக்கு என் அன்பு. உன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் வளர்க்கும் அந்த ரோமமில்லாத பூனை எல்லோரையும் கர்த்தர் தம் சிறகின்கீழ் வைத்துக் காப்பாராக. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அன்புத் தம்பி,
ஓசியா கிரம்ப்ளர்

பின்குறிப்பு (வியாழன்): கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் இடி விழுந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நேற்று ஆர்டித் என்னைக் கூப்பிட்டு, டூயியின் பெட்டியில் இருந்ததென்று ஒரு ஒலிநாடா கொடுத்தாள். தொண்ணூற்றொன்று வானொலி ஒலிபரப்பு. மேலே டூயியின் கையெழுத்தில் ‘ஓசியாவின் ரொட்டி’ என்று எழுதியிருந்தது. அர்த்தம் புரியாமல் என் பழைய டிரக்கின் டேப்பில் போட்டுக் கேட்டேன். லஃபாயெட் பாடுகிறான், ரான்சம் வாசிக்கிறான், முதலில் நிற்பது என் குரல். நின்ற கையோடு ஒரு சத்தம்: காகிதம் பிரிக்கிற சத்தம். அஸ்திவாரம் போனதும் பாஞ்சோ தடுமாறுகிறது, லஃபாயெட் தடுமாறுகிறான், எல்லாம் நிற்கிறது. அந்தப் பதினோரு நொடி மௌனம் மௌனமே இல்லை, அக்கா. உற்றுக் கேட்டால் நான் மெல்லுவது கேட்கிறது. அன்று காலை நான் சாப்பிடவில்லை. ஒலிப்பதிவு அறையின் ஜன்னலில் யாரோ ஹாம் இறைச்சி வைத்த ரொட்டி வைத்திருந்தார்கள். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. “அவர் சாகுறவரைக்கும் இதைப் போட்டுப் போட்டுச் சிரிப்பாரே, உனக்குத் தெரியாதா?” என்று கேட்கிறாள் ஆர்டித். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

மறுபடியும் பின்குறிப்பு (சனி): எரிக்க வேண்டாம். மனசு கேட்கவில்லை, இருவரையும் லஃபாயெட் வீட்டு முன்வாசலில் உட்காரவைத்து ஒலிநாடாவைப் போட்டுக் காட்டிவிட்டேன். இரண்டுமுறை கேட்டார்கள். என்னை மூன்றுமுறை பார்த்தார்கள். இப்போது இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. சற்றுமுன் க்ளெமென்டைன் வந்து, “வியாழக்கிழமை பயிற்சியாம், அவன்கிட்ட சொல்லு, சாப்பிட்டுட்டு வரச் சொல்லுன்னாங்க” என்று செய்தி சொல்லிவிட்டுப் போகிறாள். அவர்கள் இருவரும் விடிந்ததிலிருந்து அந்த முன்வாசலில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பற்றித்தான்.